நாரா நகரில் கண் திறந்த புத்தர்

ஜப்பானின் பண்டைத் தலைநகராகிய நாராவைக் காண விழைவோர் கால்நடையாகவே காணுதல் நன்று. பழைய ஆலயங்கள் பல ஒரு பெரும் பூங்காவை ஒட்டியே அமைந்துள்ளன. வழிகாட்டி முன்செல்ல, நாங்கள் பின்தொடர்ந்தோம். மான்களும் அச்சமின்றி உடன் நடந்தன.

முதலில் கண்டது 768-ஆம் ஆண்டில் எழுந்த கசுகா ஆலயம். கல்லாலும் வெண்கலத்தாலும் ஆன ஏறத்தாழ 3000 விளக்குகள் அங்கு உள்ளன. யாவும் அடியார்களின் காணிக்கை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அவை அனைத்தும் ஏற்றப்படுகின்றன.

அடுத்துத் தோதாய்ஜி சென்றோம். சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர் அங்கே வீற்றிருக்கிறார். அவரது மண்டபம் 1180-லும் 1567-லும் போர்த்தீக்கு இரையாயிற்று. இன்றுள்ள மண்டபம் 1709-இல் முற்றுப்பெற்றது. அகலத்தில் முன்னையதினும் மூன்றிலொரு பங்கு குறைந்தது.

752-இல் இப்பெருமானுக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் பாரதத் துறவி என்று வழிகாட்டி கூறியபோது மெய்சிலிர்த்தோம். 736-இல் கடல் கடந்து அந்நாடு சேர்ந்தவர் அவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிற்றைப் பிணைத்து, கூடியிருந்தோர் அதனைப் பற்றிப் புண்ணியத்தில் பங்கு கொண்டனராம். அத்தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. போதிசேனர் தாயகம் திரும்பவில்லை. 760-இல் ஜப்பானிலேயே மறைந்தார்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்து வாழும் நம்மனோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். அயலார் என்று ஒதுக்காமல், வந்தவர் கையில் தூரிகையைத் தந்தது அவ்வூர். வந்தவரும் அவ்வூரார் அனைவருடனும் ஒரே கயிற்றால் பிணைந்து நின்றார்.