வண்ணத்தை நீர்க்கச் செய்தல்: ஒரு பட்டறை நாட்குறிப்பு

திங்கள்

ஏர்பிரஷ்ஷுக்கு அக்ரிலிக் வண்ணத்தை எவ்வளவு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று கேட்டால், ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதங்களே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றன. ஆயினும் நீர்க்கச் செய்ய ஊற்றப்படும் தின்னர், வண்ணத்தின் பாகுத்தன்மை, பரப்பு இழுவிசை, உலரும் வேகம் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுவதால், கொள்ளளவை மட்டும் கூறும் விகிதம் விடையின் ஒரு பகுதியே ஆகும். 1/48 அளவிலான ஸ்பிட்ஃபயர் விமான மாதிரிக்குப் பச்சையும் மண்பழுப்புமான மறைவண்ணம் பூசப்படவிருக்கும் இவ்வாரத்தில், அம்மூன்று பண்புகளும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. மாதிரியைப் போலவே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆன ஸ்பூன்கள், சில வெறுமையாகவும் சில பிரைமர் எனப்படும் அடிப்பூச்சுடனும், சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

செவ்வாய்

நீரோடு கலக்கும் மாதிரி வண்ணங்கள் அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ஸ்பெயினின் வயேஹோ நிறுவனத்து மாடல் கலர் ஓர் எமல்ஷன்; அதில் பிணைப்பானாகிய அக்ரிலிக் பிசின் நீரில் கரையாமல் நுண்துகள்களாக மிதக்க, பரப்புச் செயலிகள் என்னும் சோப்பு போன்ற பொருள்கள் அத்துகள்கள் ஒட்டிக்கொள்ளாதவாறு காக்கின்றன; நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒன்றாகி, மீண்டும் நீரில் கரையாத படலமாகின்றன. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வண்ணமோ, நீரோடு கலந்தாலும், ஆல்கஹால் சார்ந்த கரைப்பான்களையே நம்பியிருப்பது. அந்நிறுவனம் இதற்கெனத் தரும் எக்ஸ்-20ஏ தின்னரும் அத்தகையதே. இவ்வேறுபாட்டைக் காண, தட்டிலிருந்த வயேஹோ பச்சையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விடப்பட்டபோது, வழவழப்பான வண்ணம் சற்று நேரத்தில் திரிந்து, குச்சியின் நுனியில் நூலாக இழுபடும் கட்டியாயிற்று. 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர்பிரஷ் மூக்கை அடைப்பதற்கு அத்தகைய கட்டியின் சிறு துணுக்கே போதுமாதலால், எந்த இன வண்ணம் என்பதை அறிந்த பின்னரே எவ்வளவு தின்னர் என்ற கேள்வி எழ வேண்டும்.

புதன்

பாகுத்தன்மை என்பது ஒரு நீர்மம் ஓடுவதற்குக் காட்டும் தடையாகும். ஏர்பிரஷ்ஷின் மூக்கைச் சுற்றி விரைந்து வெளியேறும் காற்று, அவ்விடத்தில் அழுத்தத்தைக் குறைத்து வண்ணத்தை இழுத்து, நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. வண்ணம் கெட்டியாக இருப்பின் அது எளிதில் சிதறாமல், பரப்பில் பெரும்புள்ளிகளாக வந்து விழுகிறது. காற்றழுத்தத்தை உயர்த்தி இக்குறையைச் சரிசெய்ய முயன்றால், துளிகள் வழியிலேயே பாதி உலர்ந்து, பரப்பு மணல்போல் சொரசொரப்பாகிறது. ஆகவே முதலில் திருத்தப்பட வேண்டியது கலவையே ஆகும். கலவை பாலின் பதத்தில் இருக்க வேண்டும் என்பது இக்கலையில் வழங்கும் விதி; அதைக் கோப்பையிலேயே சோதிக்கலாம். கலவையைக் கோப்பையின் உட்சுவரில் தூரிகையால் ஏற்றிவிட்டுப் பார்க்கும்போது, அது மெல்லிய நிறத்திரையை விட்டுவிட்டுச் சீராக இறங்கினால் பதம் சரி. தடித்து அங்கேயே நின்றால் மேலும் நீர்க்க வேண்டும். சுவரில் நிறமே தங்காமல் ஓடிவிட்டால் வண்ணம் சேர்க்க வேண்டும். தூரிகைக்கென ஆக்கப்பட்ட மாடல் கலருக்கு இன்று ஏறக்குறைய சம அளவு தின்னர் தேவைப்பட்டது. அதே நிறுவனம் ஏர்பிரஷ்ஷுக்கென முன்கூட்டியே நீர்க்கச் செய்து விற்கும் மாடல் ஏர் வண்ணத்துக்குச் சில துளிகளே போதுமானவையாக இருந்தன.

வியாழன்

நீரை மட்டும் சேர்த்துப் பாலின் பதத்துக்குக் கொண்டுவரப்பட்ட கலவை, வெறும் ஸ்பூனின் முதுகில் பரவாமல் மணிமணியாகத் திரண்டு நின்றது. நீர்மத்தின் மேற்பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் பரப்பு இழுவிசை நீருக்கு மிக அதிகமாகவும், பாலிஸ்டைரீனின் பரப்பு ஆற்றல் அதனினும் மிகக் குறைவாகவும் இருப்பதே இதற்குக் காரணம். பிரைமர் ஏற்ற ஸ்பூனில் இக்குறை தணிந்தது. ஃப்ளோ இம்ப்ரூவர் என விற்கப்படும், இழுவிசையைக் குறைக்கும் துணைப்பொருளைச் சில துளி சேர்த்ததும் அறவே நீங்கியது. பிசினையும் நிறமியையும் நீர் ஒரே அளவில் விரிப்பதால் அவற்றுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை. ஆனால் துகள்களைக் காக்கும் பரப்புச் செயலிகளின் செறிவும் உடன் குறைந்துவிடுவதால், மிகையாக நீர்த்த வண்ணம் நிலைகுலைய இடமுண்டு. குழாய்நீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய அயனிகளும் துகள்களை ஒட்டச் செய்ய வல்லவை என்பதால், வாலைவடிநீரே ஏற்றது.

வெள்ளி

மூன்றாவது பண்பாகிய உலரும் வேகம், பூச்சு தொடங்கிச் சிறிது நேரம் கழிந்த பின்னரே தன்னைக் காட்டுகிறது. விரைந்து ஓடும் காற்று ஊசிமுனையில் தங்கும் வண்ணத்தை உலர்த்திப் படியச் செய்வதால், மெல்லிய கோடு திடீரெனத் தடைப்பட்டு, பின்பு ஒரே தெறிப்பாய்ப் பீறிடுகிறது. உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இதைக் குறைக்கும் எனினும், அது மிகுந்தால் பூச்சு நெடுநேரம் ஒட்டும் பசையாகவே இருந்து, அடுத்த நிறத்துக்காக ஒட்டப்படும் மறைப்பு நாடாவோடு உரிந்து வரும். எனவே அது துளிக்கணக்கில் மட்டுமே சேர்க்கப்பட்டது. ஊசிமுனையை அவ்வப்போது ஈரத் தூரிகையால் துடைப்பதும் இப்பணியின் பிரிக்க இயலாத பகுதியாகும்.

சனி

சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1 முதல் 1.4 பார் வரையிலான அழுத்தத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் முகமூடி அணிந்து, விமானத்தின் மேற்புறத்தில் பச்சை பூசப்பட்டது. முதல் பூச்சிலேயே முழு நிறத்தையும் எதிர்பார்த்தால் நீர்த்த வண்ணம் தேங்கி, காற்றின் வேகத்தில் சிலந்திக்கால்போல் நாற்புறமும் ஓடும். அடிப்பூச்சு இன்னும் தெரியுமளவு மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் ஈரப்பளபளப்பு அடங்கிய பின் அடுத்ததை ஏற்றினால், தகடுகளின் இணைப்புக் கோடுகள் மறையாமல் நிறம் மட்டும் ஆழமாகிறது.

இவ்வாறு பெறப்பட்ட விகிதத்தை, வண்ணத்தின் பெயர், தின்னர், ஊசியின் அளவு, அழுத்தம், அன்றைய வெப்பமும் ஈரப்பதமும் ஆகியவற்றோடு சேர்த்து எழுதிவைப்பதே பயனுடையது. ஏனெனில் வறண்ட நாளில் ரிடார்டரும், வேறொரு நிறத்தின் நிறமிச் செறிவுக்கேற்பத் தின்னரும் மாறியாக வேண்டும், அப்போது எதை மாற்றுவது என்பதை அந்தக் குறிப்பே காட்டும்.