திரும்பாத காலாள்

பண்டை இந்தியாவில் தோன்றிய சதுரங்கம், தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையாற் பெயர் பெற்றது. 64 கட்டங்கொண்ட பலகையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, 16 காய்கள் வீதம் வைத்து, மாறிமாறி நகர்த்துவர். பகையரசனைத் தப்ப வழியின்றி முற்றுகையிட்டவரே வென்றவர். வெட்டிய காய்களின் தொகை வெற்றியாகாது.

ஏனைய காய்கள் யாவும் பின்வாங்கலாம். காலாளுக்குத் திரும்புதல் இல்லை. நேரே செல்வான்; குறுக்காக வெட்டுவான்; இறுதி வரிசையை எய்தின் அரசியாகவும் உயர்வான்.

பல்லாண்டுகளின் முன், இலக்கணப் பிழை மலிந்த கட்டுரை எழுதிய மாணவன் ஒருவனை நோக்கி, "உனக்குத் தமிழ் வராது" என வகுப்பிற் கூறிவிட்டோம். அன்று மாலை விடுதியில் அவனே எம்மோடு ஆட அமர்ந்தான். அவன் கோட்டையை வெட்டும் ஆசையால், எம் அரசனைக் காத்துநின்ற காலாளை அகற்றினோம். பிழையை உணர்ந்தபோது மீட்க வழியில்லை, தோற்றோம். அவன் எழுந்து வணங்கிச் சென்றான். காலையிற் கூறிய சொல் அப்பொழுதே எம் நெஞ்சைச் சுட்டது.

மறுநாள் வகுப்பில், யாவரும் கேட்க, எம் பிழையை ஒப்புக்கொண்டோம். எனினும், சொல்லியது சொல்லியதே.

மாணவர்களே, காலாளை நகர்த்துமுன் நன்கு எண்ணுக. நாளை ஆசிரியராவீராயின், சொல்லுமுன்னும் எண்ணுக.