இறக்கை மட்டும் தான் லாபம்

போன ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கிற அக்கா பையன் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். என்னடான்னு கேட்டா, "இன்னிக்கு செஸ் புதிர் கோட்டா முடிஞ்சுடுச்சு மாமா. இதுக்கு மேல காசு கட்டணுமாம்"னான். எந்தத் தளம்ங்கிறது வேணாம், விடுங்க.

இவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சதே 2022ல தான். மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரில செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சாரே, அப்போ பிடிச்சது. வேட்டி கட்டின 'தம்பி' குதிரை பொம்மை இன்னும் அவன் அலமாரில நிக்குது.

சரின்னு லிசெஸ்ஸை காட்டினேன். புதிருக்குக் கணக்கு கிடையாது, விளம்பரம் கிடையாது. பையன் குஷியாயிட்டான். அத்தான் மட்டும் பேப்பர்லேர்ந்து தலைய தூக்காமலே, "எல்லாரும் மொதல்ல ஃப்ரீன்னு தான் ஆரம்பிப்பான். நாலு வருஷம் போவட்டும், இவனும் கேப்பான்"னார்.

"இது ஓப்பன் சோர்ஸ் அத்தான்"னு சொல்லிட்டேன். ஆனா ஊருக்குத் திரும்பும்போது யோசிச்சா, அது பதிலே இல்ல.

ஆபீஸ்ல நான் தினமும் ஆணி புடுங்குற ரெடிஸ் ஓப்பன் சோர்ஸ் தான். 2024 மார்ச்ல அந்தக் கம்பெனி லைசென்ஸை மாத்திடுச்சு. அதே மாசம் பழைய கோடை எடுத்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழல்ல வால்கீன்னு தனியா கிளம்பிட்டாங்க. 2025 மே மாசம் ரெடிஸும் ஏஜிபிஎல் லைசென்ஸோட ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்புச்சு. ஆக, ஓப்பன் சோர்ஸ் பேராசையைத் தடுக்கல. நாம வெளிய ஓட ஒரு பின்வாசலை மட்டும் திறந்து வச்சிருந்துச்சு.

செஸ்லயே ஒரு கதை இருக்கு. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் ஜிபிஎல் லைசென்ஸ்ல வர்றது. தாராளமா விக்கலாம், ஆனா வாங்கினவனுக்குக் கோடையும் அதே உரிமையையும் தரணும். அதை எடுத்து செஸ்பேஸ் கம்பெனி 2021ல ஃபேட் ஃபிரிட்ஸ் 2ன்னு வித்துது. லைசென்ஸை மீறிட்டாங்கன்னு ஸ்டாக்ஃபிஷ் ஆளுங்க ஜெர்மனில கேஸ் போட்டாங்க. 2022 நவம்பர்ல சமரசம் ஆச்சு. ஒரு வருஷத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் கலந்த எதையும் செஸ்பேஸ் விக்கக் கூடாதுன்னு முடிவு. லைசென்ஸ் சும்மா காகிதம் இல்ல, அதுக்காகச் சண்டை போட ஆள் இருந்தா!

லிசெஸ் இன்னும் ஒரு படி மேல. 2010ல ஆரம்பிச்சது. பிரான்ஸ்ல லாப நோக்கமில்லாத சங்கமா பதிவாகியிருக்கு. பங்குதாரர் கிடையாது, அதனால லாபத்தைக் கொண்டானு கழுத்தைப் பிடிக்க ஆளும் கிடையாது. செலவுக் கணக்கை ஊரறிய வெளியிடுறாங்க. லட்சக்கணக்கான புதிர்களை மொத்தமாவே யார் வேணா இறக்கிக்கலாம்.

ஆனா கோடை நகல் எடுக்கலாம், எதிர்ல உக்காந்து ஆடுற கூட்டத்தை நகல் எடுக்க முடியாது. சர்வர் வாடகையை லைசென்ஸ் கட்டாது. நன்கொடை நின்னுட்டா நல்லவங்க கூட ஒரு நாள் விளம்பரத்தைத் தேடித் தான் போகணும். அத்தான் சொன்னது அன்னிக்குப் பலிச்சுடும்.

இங்க தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பல வருஷமா அதுல ஆடுறேன். ஓப்பன் சோர்ஸ்னு கேண்டீன்ல வாய் கிழியப் பேசுறேன். இதுவரைக்கும் ஒரு பைசா கொடுத்ததில்ல.

அன்னிக்கு ராத்திரியே கொஞ்சம் பணம் அனுப்பினேன். பேர் பக்கத்துல குட்டியா ஒரு இறக்கை முளைச்சுது. பையன் பாத்துட்டு போன் போட்டான். "மாமா, இறக்கை வந்தா என்னல்லாம் கூட கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுடா. காசு கொடுக்காதவனுக்கு இருக்கிற அதே தான் எனக்கும்."

"அப்புறம் எதுக்குக் கொடுத்த?"

"நீ நாளைக்கும் புதிர் போடணும்ல, அதுக்கு."

பக்கத்துல அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.