பாதிப் படம்

எனக்குக் கட்டைக்குரல். வினையே அதில்தான் ஆரம்பித்தது. டிஸ்கவரி தமிழில் சிங்கம் மானைத் துரத்தும்போது பின்னணியில் ஒருவர் பதற்றமே இல்லாமல், எல்லாம் தெரிந்தவராகப் பேசிக்கொண்டு வருவார் இல்லையா, அந்தக் குரல் எனக்கும் வரும் என்பதை நடுவயதில்தான் கண்டுபிடித்தேன். வீட்டில் ரசம் கேட்பதைக்கூட அந்தக் குரலில் கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. அருப்புக்கோட்டையில் குடியிருந்துகொண்டு திருச்சுழி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகள் எனக்கு ‘டிஸ்கவரி சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்பது அவர்கள் நினைப்பு. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஆவணப்படம் என்பது முதலில் நியூஸ் ரீல்தான். 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்து அனுப்புவதைத் தியேட்டர்காரர் கட்டாயம் போட்டாக வேண்டும். அணை திறப்பார்கள், வெள்ளம் வரும், மந்திரி கையசைப்பார். அது முடியும்வரை வெளியே நின்று பீடி குடிக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. நான் உள்ளே உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு தூர்தர்ஷனில் கார்ல் சேகனின் ‘காஸ்மோஸ்’ வந்தது. 1988-ல் ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடங்கி 53 பாகம் ஓடியது. எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஓம் பூரியின் குரல் கேட்டால் எழுந்து போக மனசு வராது. கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் காந்தியைப் படமாக்குவதற்காக நாடு நாடாக அலைந்து, 50,000 அடி ஃபிலிம் தேடிச் சேர்த்து, 1940-ல் திரையிட்ட கதையைப் பிற்பாடு படித்தபோது, நானும் அந்த வம்சம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அவர் கப்பலேறிப் போனார். நான் செய்ததெல்லாம் டவுன்லோடு.

பழைய புரொஜெக்டர் ஒன்றை விலைக்கு வாங்கினேன். வெள்ளிக்கிழமை மாலைகளில், மின்வெட்டுக்குத் தப்பிய நேரமாகப் பார்த்து, கரும்பலகை மேல் வேட்டியைக் கட்டி படம் போடுவேன். எல்லாம் ஆங்கிலப் படம், பிள்ளைகளுக்குப் புரியாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு நானே தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சத்தத்தை அணைத்ததும் படம் என் கைக்கு வந்துவிடுகிறது. மான் என்ன நினைக்கிறது என்றுகூட நான் சொல்லலாம், கேட்பதற்கு ஆள் கிடையாது.

அப்படி 2013-ல் ஒருநாள் போட்ட படம்தான் ‘தி ஜர்னி ஆஃப் மேன்’. அதற்குப் பத்து வருஷம் முன்னால் வந்த படம். ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க மரபியலாளர் ஆப்பிரிக்காவின் சான் மக்களிடம் தொடங்கி, ஆஸ்திரேலியா, இந்தியா, கஜகஸ்தான், சைபீரியாவின் பனிக்கோடி, அரிசோனா என்று மனிதன் பரவிய பாதையைத் தேடிப் போகிறார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமில் எப்போதோ விழுந்த சிறு மாற்றங்கள்தான் அவருக்கு வழிகாட்டி. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் இந்தியாவில் ஏதாவது தடம் விட்டிருக்க வேண்டுமே என்று தேடுகிறார். அந்தத் தடம், எம்130 என்ற குறி, கிடைத்த இடம் எது தெரியுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் துணையோடு, நம்ம உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில், ஓர் இளைஞரிடம்.

முதல் தடவை நான் தனியாகப் பார்த்தபோதே மயிர்க்கூச்செறிந்தது. உலகப் படத்தில் உசிலம்பட்டி! மதுரை போய் பஸ் மாறினால் வந்துவிடுகிற ஊர்.

வகுப்பில் அந்த இடம் வந்ததும் என் குரல் இன்னும் கொஞ்சம் கட்டையானது. “இந்த மண்ணுல முதன்முதல்ல கால் வச்சானே, அவனோட நேரடி வாரிசு இவருதான். எழுபதாயிரம் வருஷ ரத்தம்” என்றேன். படம் எழுபதாயிரம் என்று சொல்லவில்லை. ஐம்பது அறுபது என்பதுதான் அதன் கணக்கு. கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று கூட்டிக்கொண்டேன். ரத்தம் என்றும் படத்தில் இல்லை. அதுவும் என் சரக்கு.

இதைவிட மோசமான காரியம் ஒன்றும் செய்தேன். அந்தப் படத்திலேயே ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஒருவர், வெல்ஸ் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஏன் எங்களிடமிருந்து நீங்கள் போயிருக்கக் கூடாது என்கிற மாதிரி திருப்பிக் கேட்பார். அரிசோனாவில் நவஹோ மக்களும் எங்கள் கதை வேறு என்பார்கள். வெல்ஸ் அங்கெல்லாம் கொஞ்சம் திணறுவார். அந்தக் காட்சிகளை வேகமாக ஓட்டிவிட்டேன். நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில், கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருத்தன் கேள்வி கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் எந்தச் சாதி என்று நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. மணிக்கட்டில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்கிற பூமி எங்களுடையது. நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதியின் பேரால் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறே வேண்டாம் என்று 2024-ல்தான் சொன்னது. அன்றைக்கு அதெல்லாம் யாரும் கண்டுகொள்ளாத காலம். பின்வரிசையில் ஒரு பக்கம் மட்டும் விசில் பறந்தது. நான் அதை என் வர்ணனைக்குக் கிடைத்த விசிலாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போது நடுவரிசையில் ஒரு பையன் எழுந்தான். காலனியிலிருந்து வருகிறவன். எந்தப் படம் போட்டாலும் சந்தேகம் கேட்கிற ஒரே ஆள். திமிங்கிலம் எங்கே சார் தூங்கும், நிலாவில் கல் எடுத்தால் அது யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் கேட்பான். அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டான்.

“சார், அப்ப நாங்கல்லாம் எப்ப வந்தோம்?”

விசில் நின்றது. புரொஜெக்டரின் மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வேட்டியில் அந்த இளைஞரின் முகம் அப்படியே நின்றது, நான்தான் பாஸ் போட்டிருந்தேன். பையன் என்னைப் பார்த்தான். அவன் குசும்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அந்தக் குரலில் எப்படிச் சொல்வது என்பதும் தெரியவில்லை. ‘நான் யார்’ என்று கேட்ட ரமணர் பிறந்த மண் என்று திருச்சுழிப் பக்கத்து மேடைகளில் நாங்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்வோம். கேட்டது ஒரு சின்னப் பையன் என்றதும் நான் சொன்னது: “எல்லாரும் ஆப்பிரிக்காவுலருந்து வந்தவங்கதான்ப்பா. உக்காரு.”

உட்கார்ந்தான். பின்னால் யாரோ என்னமோ சொன்னார்கள். அந்தப் பக்கம் சிரித்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது. விழாததுபோல் படத்தை ஓட்டினேன்.

திங்கட்கிழமை கரும்பலகையில் ‘70,000’ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு சாதிப் பெயரும் எழுதியிருந்தது. கூட்டிச் சொன்ன என் கணக்கு அட்சரம் பிசகாமல் அங்கே இருந்தது. அந்த வாரமே பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகளுக்குள் கைகலப்பு. தலைமையாசிரியர் கூப்பிட்டு, பாடத்தை மட்டும் நடத்துங்கள் சார் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைப் படம் நின்றது. அந்தப் பையன் வகுப்பில் கேள்வி கேட்பதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தான்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டியது. பத்துத் தலைமுறை பின்னால் போனால், மதுரையில் நாயக்கர் ஆட்சி முடிகிற காலம் என்று வையுங்கள், ஒருவருக்கு 1,024 முன்னோர் கணக்கு வரும். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒரு ஆளிடமிருந்து வந்தது. அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த சேலையில் ஒற்றைப் பாவு நூலை உருவிக் காட்டி, இதுதான் சேலை என்று நான் விற்றிருக்கிறேன். அந்த நூலும் ஒரு சாதிக்குச் சொந்தமில்லை. எம்130 இந்தியாவில் பல கூட்டங்களில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அதன் ஒரு கிளை மங்கோலியர்களிடம் ஏராளம். போதாததற்கு, நான் படம் போட்ட அதே 2013-ல், ஓர் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் கிடைத்த ஒய் குரோமோசோம், எல்லா ஆண்களுக்கும் பொதுவான அந்த ஆதி அப்பனை, படம் சொன்ன அறுபதாயிரத்தையெல்லாம் தாண்டி, இரண்டு லட்சம் வருஷத்துக்கும் அப்பால் தள்ளிவிட்டது.

பையனின் கேள்விக்கான பதிலும் அப்போது அச்சில்தான் இருந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் லால்ஜி சிங்கும், அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவோடு சேர்ந்து 2009-ல் ஒன்று, 2013-ல் ஒன்று என்று ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் ஏறக்குறைய எல்லாக் கூட்டமுமே பழைய இரண்டு மக்கள்திரளின் கலப்பு. சுமார் 4,200 வருஷத்துக்கு முன்பிருந்து 1,900 வருஷத்துக்கு முன்புவரை எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள், தனியாகவே இருந்தவர்கள் என்று நாம் நினைக்கிற பழங்குடிகள் உட்பட. அதன் பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் கூட்டத்துக்குள் கல்யாணம். அவன் ‘எப்ப வந்தோம்’ என்று கேட்டதற்கு, விசிலடித்தவனும் நீயும் சேர்ந்துதான் வந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஆதாரமும் இருந்தது. என்னிடம் இருந்தது குரல்.

சில வருஷம் கழித்து அவனை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை என்றான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு நான் சொல்லாததையெல்லாம் கொட்டினேன். பாவு, தறி, தங்கராஜ், 4,200 எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

“அதெல்லாம் நானே தேடிப் படிச்சுட்டேன் சார். யூடியூப்ல கெடக்கு” என்றான். அப்புறம், “அன்னைக்கு நீங்க தெரியலன்னு சொல்லிருந்தாக்கூட உக்காந்திருப்பேன்” என்றான். மதுரை பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

இப்போது வேறு பள்ளிக்கூடம். மறுபடி படம் போடுகிறேன். சத்தத்தை அணைப்பதில்லை. இரண்டு நிமிஷம் ஓட்டுவேன், நிறுத்தி, படத்தில் பேசுகிறவர் என்ன சொன்னார் என்று சொல்வேன், மறுபடி ஓட்டுவேன். சுவாரசியம் பாழ். “சார், படத்த ஓட விடுங்க சார்” என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். வெல்ஸ் படத்தில் அந்த ஆஸ்திரேலிய ஓவியர் வரும்போது மட்டும் நிறுத்தச் சொல்லி அவர்களே கேட்பார்கள், அவர் கேட்பது சரியா தப்பா என்று ஒரு சண்டை நடக்கும். போன தடவை சண்டைக்கு நடுவில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், அப்பாகிட்டருந்து மகனுக்குத்தான போகும்? பொண்ணுங்க நாங்க எப்படி வந்தோம்னு இவரு படமே எடுக்கலியா?” என்றாள். கரும்பலகையில் மைட்டோகாண்ட்ரியா என்று எழுதி, தாய்வழி என்று ஆரம்பிப்பதற்குள், ஊருக்குப் போகிற ஒரே பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அவள் மட்டும் ஜன்னல் பக்கம் நின்று, “திங்கக்கிழம சொல்லணும் சார்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.