பெயர் கேளாத விருந்து

அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில் அந்த மாதம் முழுவதும் மாலைதோறும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். செபம் முடிந்ததும் காப்பி வரும். காப்பியோடு பேச்சும் வரும். பெரும்பாலும் அது குடிநீர்க் குழாயைப் பற்றியதாகவோ, பிரான்சிலிருந்து வந்திருக்கும் உறவினரைப் பற்றியதாகவோ இருக்கும். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மட்டும் ஒரு திரைப்படத்தைப் பற்றியதாக இருந்தது. மூன்று வீடுகளில், மூன்று மாலைகள் அந்தப் பேச்சு நீண்டது.

படம் "மெய்யழகன்". பிரேம்குமார் இயக்கி, அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று வெளியானது. கதை என்று சொல்ல அதிகமில்லை. உறவினரோடு ஏற்பட்ட சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்த ஒரு குடும்பம், 1996இல் தஞ்சாவூரைவிட்டுச் சென்னைக்குப் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளை அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தங்கை முறையுள்ள ஒரு பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். முகத்தைக் காட்டிவிட்டு இரவே திரும்பிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அங்கே ஓர் இளைஞன் "அத்தான், அத்தான்" என்று அவனை விடாமல் பற்றிக்கொள்கிறான். யார் என்று அருளுக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். பேருந்து தவறிப்போகிறது. அந்த இளைஞன் வீட்டிலேயே சாப்பிட்டு, விடிய விடியப் பேசுகிறார்கள். அரவிந்த்சாமியும் கார்த்தியும் நடித்திருக்கிறார்கள். கொலை இல்லை, துரத்தல் இல்லை.

"கதை எங்கே மாமா? ரெண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க" என்றான் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். அவன் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டானாம். பக்கத்திலிருந்த அவன் தந்தை, தாம் மூன்று இடங்களில் அழுததாகச் சொன்னார். மகன் அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வேறு குறை. 1988இல் பாலுமகேந்திரா எடுத்த "வீடு" படத்தை அவர் எடுத்துக்காட்டினார். அதில் கட்டி முடியாத வீட்டை முதியவர் சுற்றிப் பார்க்கும் காட்சியில் பேச்சே கிடையாது, பார்ப்பவனுக்குத்தான் தொண்டை அடைக்கும். இந்தப் படத்திலோ பாசத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள் என்றார். அது நியாயமான குறைதான். தஞ்சைக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஒருவர் சமாதானம் சொன்னார், ஆசிரியர் ஏற்கவில்லை. ஓர் அம்மா கேட்ட கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடையில்லை. "பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு வீட்டுல இருக்கா. விடிய விடிய விருந்தாளியோட பேச்சு. அவளை யாராவது கேட்டாங்களா?"

நிற்க. இந்தச் சச்சரவில் ஒரு விந்தை உண்டு. படம் வெளியானபோது அதன் நீளம் ஏறத்தாழ 177 நிமிடங்கள். நீளம் மிகுதி என்ற குரல் பரவலாக எழுந்ததால், சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். சல்லிக்கட்டைப் பற்றிய பகுதியும், இரவுப் பேச்சில் வரும் வரலாறு, அரசியல் பற்றிய சில பகுதிகளும் கத்தரிப்புக்கு உள்ளாயின. எங்கள் கூட்டத்தில் முதல் வாரம் பார்த்தவர்களும் உண்டு, பிறகு பார்த்தவர்களும் உண்டு. ஆகவே ஒரே படத்தைப் பற்றிச் சண்டையிடுவதாக எண்ணிக்கொண்டு, இரு வேறு படங்களைப் பற்றிச் சண்டையிட்டிருக்கிறோம். ஒரு கணவன் மனைவிக்கிடையே இது மிகவும் முற்றி, "அப்படி ஒரு காட்சியே கிடையாது" என்று அந்த அம்மா சத்தியம் செய்யத் துணிந்துவிட்டார்.

நான் இரண்டாம் நாளே முழுப் படத்தையும் பார்த்தவன். கத்தரித்ததை நான் குறை சொல்லவில்லை. அந்த நள்ளிரவுப் பேச்சின்போது நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் நான் கடிகாரத்தைப் பார்த்த காரணம் அலுப்பு மட்டும்தானா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல இயலவில்லை. திரையிலிருந்த அருளும் அப்படித்தான் நெளிந்துகொண்டிருந்தான். தன்னை இவ்வளவு அறிந்தவனை, தன்மேல் இவ்வளவு அன்பைக் கொட்டுபவனை, தனக்குத் தெரியவில்லை; தெரிந்தவன்போல் நடித்துக்கொண்டு அவன் சோற்றைத் தின்கிறோம் என்ற உறுத்தல் அவனுக்கு. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போகையில் விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி, இந்த இளைஞன் வீட்டாரின் பிழைப்புக்கே ஊன்றுகோலாகியிருக்கிறது. அருளுக்கு அப்படியொரு வண்டி கிடந்ததே மறந்துபோயிருந்தது. அதைக் கேட்ட பிறகு, பெயர் தெரியாது என்று எந்த வாயால் சொல்வான்? விடியுமுன், சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிடுகிறான்.

கூட்டத்தில் நான் எம்மாவு வழியை நினைவூட்டினேன். லூக்கா 24ஆம் அதிகாரத்தில் இரு சீடர்கள் வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தவரை யாரென்று அறியவில்லை; அப்பம் பிட்கையில்தான் கண் திறந்தது. எங்களோடிருந்த அருட்சகோதரி சிரித்துக்கொண்டே திருத்தினார்: "அங்கே அவங்கதான் அவரைத் தங்கச் சொல்லி வற்புறுத்தினாங்க. அறிஞ்சதும் மறைஞ்சவர் ஆண்டவர். உங்க படத்துல அறியாமலே ஓடிப்போறவன் விருந்தாளி. உவமை ஒட்டலை ஐயா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஓடிப்போகிறவன் என்ற சொல் என்னைத் தைத்துவிட்டது. அதற்குக் காரணம் படம் அன்று.

புதுச்சேரியில் இத்தகைய சங்கடம் புதிதல்ல. 1962இல் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் காலம் வந்தபோது ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரரானார், தம்பி இந்தியரானார். இன்றும் கோடை விடுமுறையில் அங்கிருந்து வருபவர்கள், ஜென்மராக்கினி ஆலய வளாகத்தில் தம்மைச் சூழ்ந்துகொள்ளும் உறவினரைப் பார்த்துப் பொதுவாகப் புன்னகைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், பாஸ்காவுக்குப் பின் வரும் வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவுக்குப் போயிருந்தேன். வெயிலில் தலை சுற்றிக் குளக்கரையில் அமர்ந்துவிட்டேன். "சித்தப்பா!" என்று ஒரு குரல். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். என்னை நிழலுக்கு அழைத்துப்போய் மோர் கொடுத்தார்கள். பிறகு இலையில் தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் வைத்தார்கள். அவர் என் தாயார் இறந்த மாதத்தைச் சொன்னார். அடக்கத்தன்று மழை பெய்ததைச் சொன்னார். என் மகன் எந்த ஆண்டு புதுநன்மை வாங்கினான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "என்னைத் தெரியுதா சித்தப்பா?" என்று ஒரு தரம் கேட்டார்.

"தெரியாம இருக்குமா?" என்றேன்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பெயரைக் கேட்டால் தகப்பன் பெயரும் வெளிப்பட்டுவிடும் என்று ஒரு கணம் சூழ்ச்சி செய்தேன், அதற்கும் வெட்கம். வீட்டுக்கு வாருங்கள் என்று அவர்கள் அழைத்தபோது, வருகிறேன் என்றேன். எந்த வீடு, எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரியாதது தெரிந்துவிடுமே! தேர் வரும் நேரம் கூட்டம் நெருக்கியது. அந்த நெருக்கடியைச் சாக்காக வைத்துக்கொண்டு நழுவினேன்.

எனக்குத் தம்பி உறவு முறிந்து பல ஆண்டுகள் ஆயின. காரணம் எங்கள் வீடுதான். திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு. அது விற்ற விதத்தில் எனக்குக் கசப்பு. அந்தக் கசப்பில், அந்தப் பக்கத்து உறவினர் எவர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் நான் போவதில்லை. வில்லியனூரில் எனக்குச் சோறிட்டவர் அந்தப் பக்கத்தவராகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் எங்கள் சண்டை அவருக்குத் தெரியாமலிராது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

"இவ்வளவு நல்லவன் உலகத்துல இருப்பானா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் படத்தைக் குறை சொன்னபோது, எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால், பெயர் என்ன என்று கேட்பார்கள்.

படத்தில் அருள் சென்னைக்குப் போன பின் தொலைபேசியில் உண்மையை ஒப்புக்கொள்கிறான். பெயரும் நினைவுக்கு வருகிறது. என்னிடம் எண் இல்லை. உறவினரைச் சுற்றிச் சுற்றி விசாரித்தேன். அவர்கள் சொன்ன அடையாளங்கள் பொருந்தவில்லை. தம்பியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான். தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்த நாள்கள் உண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறேன். தேரைப் பார்ப்பதைவிடக் குளக்கரையைப் பார்ப்பதே மிகுதி. அந்தச் சின்னப் பெண் இந்நேரம் வளர்ந்திருக்கும். பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அதற்கு என்னைத் தெரிந்தால் உண்டு.