மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு

2018 ஆடி மாதம் அப்பா மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுத்தார். ஆம்பூரில் "ஐ.பி. போட்டுட்டாரு" என்று சொல்லும்போது யாருக்கும் குரல் தானாகத் தணிந்துவிடும். துத்திப்பட்டில் பன்னிரண்டு மெஷின் போட்டு ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில் அப்பர் தைத்துக் கொடுத்தவர் அவர். 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாமல் போனபோது, சனிக்கிழமைக் கூலிக்காக வட்டிக்கு வாங்கினார். அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பில் பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று, வட்டி வாரா வாரம் வந்து நின்றது.

1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின் கீழ் சப் கோர்ட்டில் மனு. நூல் கடை, லைனிங் கடை, வட்டிக்குக் கொடுத்த நான்கு பேர் என்று பட்டியல் நீண்டது. தைத்த பன்னிரண்டு பெண்களின் பெயரை மட்டும் அப்பா எழுத விடவில்லை. "அது கூலிம்மா, கடன் இல்ல" என்றார்.

என் படிப்புக் கடனைப் பற்றி வக்கீலிடம் கேட்டேன். "உங்கப்பா கையெழுத்துக்கு இந்த மனு பேசும். உன் கையெழுத்துக்கு நீதாம்மா பேசணும்."

2009-இல் பொறியியல் சேர்ந்தபோது வாங்கிய கடன் அது, 3,60,000 ரூபாய். அப்போது 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்டதில்லை. நான் அவ்வப்போது கட்டியது போக, 2018-இல் ஐந்தரை லட்சமாக நின்றது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10-லிருந்தே இருந்தது. வங்கியில் ஒருவரும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கலெக்‌ஷன் ஆட்களின் முதல் போன் காலை 6:10-க்கு வந்தது. பிறகு பைக்கில் இருவர். தெருமுனை டீக்கடையில் நின்று, "ஐ.பி. போட்டவரு வீடு எது?" என்று சத்தமாகக் கேட்டார்கள். கடன் என் பெயரில், கேவலம் அப்பாவுக்கு. அவர் திண்ணையில் உட்காருவதை விட்டுவிட்டார். நான் வேலை பார்த்த கம்பெனிக்கும் போன் போனது. 2016-இல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி இதே நெருக்கடியில் உயிரை விட்டிருந்தார். அந்தச் செய்தியைப் படித்திருந்த அம்மா, ராத்திரியில் என்னைத் தனியாகப் படுக்க விடவில்லை.

ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, நேரம், நம்பர், சொன்ன வார்த்தை என எல்லாவற்றையும் எழுதினேன். வசூலுக்கு வருபவர் வங்கியின் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அடுத்த முறை வாசலிலேயே கேட்டேன். இரண்டும் இல்லை. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நோட்டின் நகலை வங்கிக்கும் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் பிறகு வீட்டுக்கு யாரும் வரவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி திட்டவட்டமாக எழுதியது 2022 ஆகஸ்டில்.

2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். தனிநபர் திவாலுக்கான பகுதி எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் கல்விக் கடன் அதில் தள்ளுபடி ஆகாது; கோர்ட் அபராதம், ஜீவனாம்சம் இவற்றோடு சேர்த்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். படித்ததை அபராதத்தின் பக்கத்தில் உட்கார வைத்த அந்த வரி எனக்கு இன்றும் ஆறவில்லை.

2021-இல் கட்ட வேண்டிய தொகையை வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே, அம்மாவின் செயினை விற்று மூன்று தவணையில் கட்டி முடித்தேன். பாக்கி இல்லை என்ற சான்றிதழை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சான்றோர்குப்பத்துக்குக் கிளம்பினார். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அன்றைக்குக் கூலி கொடுக்கும் முறை. இன்னும் மூன்று பேர் பாக்கி.