பொருத்தம் பார்த்து வாங்கிய ஊசி

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம். ரெக்கார்ட் பிளேயருக்கும் பொருத்தம் பார்த்தாக வேண்டும் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிய வந்தது. பரணில் பழைய பிளேயர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் அண்ணன் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது 1975இல் வாங்கிய தோரன்ஸ் டிடி 160 அது. கம்பெனி சுவிட்சர்லாந்தில் பிறந்தது. இந்தப் பிளேயர் செய்யப்பட்டது ஜெர்மனியில் லார் என்ற ஊரில். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் என்பதால் இங்கே வந்ததும் அப்படியே ஓடியது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பிளேயர் இங்கே மெதுவாகச் சுற்றும். பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலிருக்கும்.

அண்ணன் காலமான பிறகு அண்ணி அதை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள்.

"நீங்கதான் டெலிபோன் இலாகாவிலே சால்டரிங் பண்ணினவராச்சே தம்பி, சரி பண்ணி வச்சுக்குங்க. மாசம் ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போறேன். ஆனா ஒரு தட்டுகூடப் பாழாகக் கூடாது. உங்க அண்ணன் ஞாபகமா எங்கிட்ட இருக்கிறது இதுதான்."

ஊசி தேய்ந்து முனை போயிருந்தது. டோன் ஆர்முக்குள் போகும் மயிரிழைக் கம்பிகளில் இரண்டு அறுந்திருந்தன. ஆர்மையே மாற்றுவதா, கார்ட்ரிட்ஜ் மட்டும் போதுமா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒருவர் பன்னிரண்டு அங்குல ஆர்ம் போடு என்றார். அது இந்தப் பெட்டிக்குள் அடங்கவே அடங்காது. இன்னொருவர், இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கு, மிச்சம் தானாக வரும் என்றார். பென்ஷன் வாங்குகிறவன் அப்படி இறங்க முடியுமா?

இந்த வகைப் பிளேயரின் விசேஷத்தை முதலில் சொல்ல வேண்டும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஏஆர் கம்பெனிக்காக ஒரு டர்ன்டேபிள் செய்தார். தட்டு சுற்றும் மேடையும் டோன் ஆர்மும் ஒரே சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கும். மோட்டார் தனியே நின்று ரப்பர் பெல்ட்டால் சுற்றும். பெட்டியைத் தட்டினாலும் ஊசி தாவாது. தோரன்ஸ் அதே வழியில் 1965இல் டிடி 150, 1972இல் டிடி 160 என்று கொண்டுவந்தது.

இங்கேதான் பொருத்தம் வருகிறது. ஸ்பிரிங் மாட்டிய தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த குழந்தை என்றால் நிதானமாக ஆடும். மெலிந்த குழந்தை என்றால் துடுக்காக ஆடும். ஊசியைத் தாங்கும் ரப்பர்தான் ஸ்பிரிங். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த கனம்தான் குழந்தை. இந்த ஆட்டம் நொடிக்கு 8 முதல் 12 வரை இருக்க வேண்டும். அதற்குமேல் போனால் 20இல் தொடங்கும் பாட்டின் கீழ்ச்சத்தத்தோடு மோதும். கீழே இறங்கினால் இரண்டு தொல்லை. நம் ஊர் வெயிலில் வளைந்த தட்டு ஊசியை நொடிக்கு ஐந்தாறு தடவை வரைக்கும் தூக்கிப் போடும். பிளேயரின் மூன்று ஸ்பிரிங்குகளின் ஆட்டமும் அதற்குப் பக்கத்தில்தான். மூன்றும் கைகோத்தால் ஊசி தள்ளாடும், தட்டு பாழ்.

கணக்கு சுலபம். ஆர்மின் இயங்கு கனம், கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை ஊசியின் நெகிழ்வு எண்ணால், அதாவது கம்ப்ளையன்ஸால், பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். ஒரு எச்சரிக்கை: ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்த எண்ணைத் தருவார்கள். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கித்தான் போட வேண்டும்.

என் பிளேயரில் உள்ள ஆர்மின் கனம் சுமார் 16 கிராம். அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய மிருதுவான ஊசிகளுக்கு நெகிழ்வு 30 வரை போகும். கார்ட்ரிட்ஜ் 6 கிராம், திருகு 1 கிராம் என்று வைத்தால் மொத்தம் 23. விடை நொடிக்கு 6. வேண்டவே வேண்டாம் என்ற இடம். அவற்றுக்கு எஸ்எம்இ 3009 போன்ற இலேசான ஆர்ம்தான் ஜோடி.

அடுத்து டெனான் டிஎல்-103. ஜப்பானிய வானொலிக்காக 1960களில் உருவாகி இன்றும் விற்பது. 8.5 கிராம், விறைப்பான ஊசி. என் ஆர்மோடு போட்டால் 10 வருகிறது, அருமையான பொருத்தம். ஆனால் அது தருவது 0.3 மில்லிவோல்ட்தான். என் பழைய ஆம்ப்ளிஃபையர் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் எதிர்பார்க்கிறது. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கார்ட்ரிட்ஜோடு அந்தச் செலவும் சேரும்.

ரீகா ஆர்பி 300 மாதிரி வேறு நல்ல ஆர்ம் மாட்டலாம்தான். அதற்குப் புதுப் பலகை அறுக்க வேண்டும். பழையதைவிடக் கனமான ஆர்ம் என்றால் அந்த மூலை ஸ்பிரிங் அமுங்கி மேடை சாயும். எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அண்ணனின் கை பட்ட ஆர்மைக் கழற்றிப் போடவும் மனம் வரவில்லை.

கடைசியில் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. நான் பார்த்தவற்றில் விலை குறைவானது இதுதான். 6.1 கிராம், நெகிழ்வு 100 ஹெர்ட்ஸில் 7. கணக்குப் போட்டால் 9க்கும் 10க்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. விலை கேட்டு வாட்ஸ்அப் நண்பர் முகம் சுளித்தார். ஜாதகம் பொருந்துகிறதே, நான் என்ன செய்ய!

ஆர்மின் கம்பிகளைப் புதிதாக மாற்றினேன். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் விறைத்த வயரை எடுத்துவிட்டு மெத்தென்ற வயர் போட்டேன். விறைத்த வயர் ஸ்பிரிங்கை ஆடவிடாது. மேடையின் நடுவில் இலேசாக அழுத்தி விட்டால் நேராக மேலும் கீழும் ஆட வேண்டும், பக்கவாட்டில் அலையக் கூடாது. அதற்கு மட்டும் இரண்டு சாயங்காலம் ஆயிற்று. ஊசியின் பாரம் சரியாக 2 கிராம். தட்டு தேயுமோ என்று பயந்து பாரத்தைக் குறைக்காதீர்கள். பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் குதித்துச் சுவரில் இடிக்கும். சேதம் அதில்தான் அதிகம்.

இந்த ஊசிக்கு 300 மணி நேரம் ஆயுள் என்கிறது கம்பெனி. ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால் 900 பக்கங்கள். பிளேயர் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக் கோடு போட்டு வருகிறேன். ஊசி தேய்ந்தால் ஊசி மட்டும் மாற்றினால் போதும். இதே உடம்பில் இன்னும் நுட்பமான மைக்ரோலீனியர் ஊசியும் பொருந்தும். எங்கள் வயதுக் காதுக்கு உச்ச ஸ்தாயியில் பாதி எட்டாது; பேத்தி கேட்கத் தொடங்கும்போது அதை வாங்கலாம்.

அண்ணி இரண்டாம் ஞாயிறு வருகிறார். முதல் தடவை ஒரு பக்கம் முடிந்ததும், "அண்ணி, முன்னைவிட நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. தட்டைத் திருப்பிப் போடுங்க" என்றார்.